முதல் செக் எழுதப் போகிறவர்களுக்கு

வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனேன். தொகை 1,20,000 ரூபாய். அனுப்பிவிடலாம் என்று போனை எடுத்தேன். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் வேண்டாம் தம்பி. செக்கா கொடுத்துடு, கணக்குல நிக்கும்" என்றார். ஒரு தாளில் பேரும் தொகையும் எழுதுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் அந்தப் பணம் அவர் கணக்கில் போய்ச் சேர மூன்று செக்குகளும் பதினோரு நாட்களும் ஆயின. முதல் இரண்டும் திரும்பி வந்தன. ஒவ்வொரு முறையும் என் வங்கி என்னிடம் கட்டணம் பிடித்தது, அவர் வங்கி அவரிடம் பிடித்தது. அவரிடம் பிடித்ததையும் நான்தான் கொடுத்தேன்.

போனில் பணம் அனுப்பினால் பேர் சரியா, தொகை சரியா என்று அது திரும்பக் கேட்கும். செக் எதையும் கேட்காது. தப்பு இருந்தால் திரும்பி வந்துதான் சொல்லும். அதனால் வேலையில் முக்கால்வாசி பேனாவைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன்.

1. செக் புத்தகத்தைத் தேடி எடுங்கள்

கணக்கு தொடங்கியபோது வங்கி கொடுத்த உறைக்குள்ளேயே அது இருக்கலாம். இல்லையென்றால் வங்கியின் ஆப்பிலோ கிளையிலோ கேட்டு வாங்கலாம். தபாலில் வர சில நாட்கள் முதல் ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம். நாளைக்கு செக் தர வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டு நிற்காதீர்கள். இன்னொன்று, புத்தகம் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கும் முகவரிக்குத்தான் போகும். வீடு மாறி முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆண்டுக்கு இத்தனை லீஃப் (செக் தாள்) இலவசம் என்று ஒவ்வொரு வங்கியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் காசு. உங்கள் கணக்கு எந்த வகை என்று சொல்லிக் கிளையில் கேட்டால் கட்டணப் பட்டியலைக் காட்டுவார்கள்.

கையில் வந்ததும் லீஃப்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் 6 இலக்க எண் ஒன்று வரிசையாக ஓட வேண்டும். நடுவில் ஒன்று குறைந்தால் அன்றைக்கே வங்கியில் சொல்லுங்கள். உங்கள் பேரும் கணக்கு எண்ணும் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

2. எந்தக் கையெழுத்து என்று ஞாபகப்படுத்துங்கள்

என் இரண்டாவது செக் இதில்தான் விழுந்தது. கல்லூரியில் சேரும்போது தொடங்கிய கணக்கு அது. அன்றைக்கு இனிஷியலோடு முழுப் பேரையும் தமிழில் எழுதிக் கையெழுத்து என்று போட்டிருக்கிறேன். வேலைக்கு வந்தபிறகு அது சுருங்கி ஒரு கிறுக்கலாகிவிட்டது. வங்கியின் கணினியில் இருப்பதோ அந்தப் பழைய பிள்ளைக் கையெழுத்து. கவுன்டரில் இருந்த அம்மா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இது நீங்க போட்டதுதானே தம்பி?" என்று கேட்டார். எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஆகவே முதல் செக்கை எழுதுவதற்கு முன்னால் கணக்கு இருக்கும் கிளைக்கு அடையாள அட்டையோடு ஒருமுறை போய்வாருங்கள். பதிவில் இருக்கும் கையெழுத்தைத்தான் இன்றும் போடுகிறீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாறியிருந்தால் கையெழுத்தை மாற்றித் தரும்படி ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஆதாரும் பான் கார்டும் அசலும் நகலுமாகக் கையில் இருக்கட்டும். மாற்றம் கணினியில் ஏறிவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு செக் எழுதுங்கள். நான் காலையில் படிவம் கொடுத்துவிட்டுச் சாயங்காலமே செக் எழுத உட்கார்ந்தேன். நல்லவேளை, அதே அம்மா, "நாளன்னிக்கு எழுதுங்க" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது.

கூட்டுக் கணக்கு என்றால் யார் யார் கையெழுத்திட வேண்டும் என்பதையும் கேளுங்கள். சில கணக்குகளில் இருவரும் போட வேண்டும்.

3. முதலில் வெள்ளைத் தாளில், பிறகு செக்கில்

முதல் செக் திரும்பியபோதும் கவுன்டரில் அதே அம்மாதான். "ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிப் பாத்திருக்கலாமே" என்றார். சின்ன விஷயம்தான், ஆனால் கட்டத்துக்குள் எழுத்து அடங்குமா என்பது அதில் தெரிந்துவிடும். நீலம் அல்லது கறுப்பு பால்பாயின்ட் பேனா போதும். பென்சில் கூடாது. அழித்து எழுதக்கூடிய ஜெல் பேனாவும் கூடாது. முழுச் செக்கையும் ஒரே பேனாவால் எழுதுங்கள்.

எழுத உட்கார்ந்ததும் நான் செய்யும் வரிசை இது.

முதலில் கோடு. இடது மேல் மூலையில் சாய்வாக இரண்டு கோடுகள் போட்டு, நடுவில் 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுத வேண்டும். இதற்கு கிராஸ் செய்வது என்று பேர். இப்படிச் செய்த செக்குக்கு யாரும் கவுன்டரில் ரொக்கம் வாங்க முடியாது. செக்கில் யார் பேர் இருக்கிறதோ அவர் கணக்கில் மட்டுமே பணம் ஏறும். தொலைந்தாலும் பதற்றம் குறைவு. அதனால்தான் இதை முதல் வேலையாக வைத்திருக்கிறேன். நீங்களே பணம் எடுக்க 'செல்ஃப்' என்று எழுதும் செக்குக்கு மட்டும் இது வேண்டாம்.

அடுத்து, பேர் எழுதும் வரியின் கடைசியில் 'ஆர் பேரர்' என்று அச்சாகியிருக்கும். செக்கை யார் கொண்டுபோனாலும் பணம் கொடுக்கலாம் என்பது அதன் பொருள். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

தேதிக்கு 8 கட்டங்கள்: நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு நான்கு. மார்ச் 5 என்றால் 0, 5, 0, 3 என்று தொடங்கும். ஜனவரி மாதம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. கை பழக்கத்தில் போன வருடத்தை எழுதிவிடும், செக் பிறக்கும்போதே காலாவதி ஆகிவிடும்.

பேர், வாங்குபவரின் வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே. நாம் கூப்பிடும் பேர் வேறு, வாடகை ஒப்பந்தத்தில் உள்ள பேர் வேறு, கணக்கில் உள்ள பேர் வேறாக இருக்கலாம். நம் ஊர் இனிஷியல்கள் சில வங்கிகளில் முன்னால் நிற்கும், சில இடங்களில் பின்னால் போயிருக்கும், இன்னும் சிலவற்றில் அப்பா பேராக முழுசாக விரிந்திருக்கும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். பேருக்குப் பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

தொகையை எழுத்தில்: 'ஒரு லட்சத்து இருபதாயிரம் மட்டும்'. வரியின் இடது ஓரத்தை ஒட்டித் தொடங்குங்கள். கடைசியில் 'மட்டும்' போட்டு, மீதி இடத்தில் கோடு. முன்னால் இடம் விட்டு 'இருபதாயிரம்' என்று எழுதினால் அதற்கு முன் இன்னொருவர் ஒரு லட்சத்தைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? செக்கைத் தமிழில் எழுதலாமா என்று நிறையப் பேருக்குச் சந்தேகம். எழுதலாம். இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி எதிலும் எழுதலாம் என்றுதான் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

பிறகு எண்ணில்: ரூபாய்க் குறியை ஒட்டியே 1,20,000 என்று எழுதி, கடைசியில் ஒரு சாய்கோடும் சின்னக் கோடும் (/-). கமாவை நம் முறையில் போடுங்கள். எழுத்தும் எண்ணும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வங்கி அதையெல்லாம் ஆராய்ந்துகொண்டு இருக்காது, திருப்பி அனுப்பிவிடும்.

எல்லாம் முடிந்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகு, கடைசியில் கையெழுத்து. அச்சிட்ட உங்கள் பேருக்கு மேலே போடுங்கள், கீழே வழியக் கூடாது.

செக்கின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டையில் விசித்திரமான எழுத்தில் எண்கள் இருக்கும். அங்கே பேனாவோ முத்திரையோ ஸ்டேப்ளர் பின்னோ படக்கூடாது, மடிக்கவும் கூடாது. இயந்திரம் படிக்கும் இடம் அது. முதல் 6 இலக்கம் செக் எண். அடுத்த 9 இலக்கம் எம்ஐசிஆர் எண். அதில் முதல் மூன்று ஊரையும் அடுத்த மூன்று வங்கியையும் கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். சென்னைக்கு 600, மதுரைக்கு 625, அதாவது பின்கோடின் முதல் மூன்று எண்களேதான். அதற்கு அடுத்து வரும் 6 இலக்கத்தைக் கணக்கு எண் என்று நினைத்துப் படிவங்களில் எழுதிவிடுகிறார்கள். அது இல்லை. முழுக் கணக்கு எண் செக்கின் நடுவில் தனியாக அச்சாகியிருக்கும்.

4. தப்பாக எழுதிவிட்டால் புதுச் செக்

என் முதல் செக் திரும்பிய கதை இதுதான். வீட்டுக்காரரின் இனிஷியலை மாற்றி எழுதிவிட்டேன். சொந்தக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "அடிச்சுட்டுப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடு, போதும்" என்றார். அவர் காலத்தில் அது செல்லுபடியான வழிதான். இப்போது செக்கின் தாள் ஊர்விட்டு ஊர் போவதில்லை, அதன் ஸ்கேன் படம் மட்டும்தான் போகிறது. அதனால் பேரிலோ தொகையிலோ எந்தத் திருத்தமும் ஏற்க மாட்டார்கள், பக்கத்தில் கையெழுத்து இருந்தாலும் சரி. காலாவதியான தேதியைப் புதுப்பிப்பதற்கு மட்டும் விதியில் இடம் இருக்கிறது. அதையும் நம்பி இறங்க வேண்டாம், வேறு லீஃப் எழுதுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் இன்னொன்றும் பழசாகிவிட்டது: "செக் ஆறு மாசம் செல்லும்." 2012 ஏப்ரல் 1 முதல் அது மூன்று மாதம்தான், செக்கில் எழுதிய தேதியிலிருந்து.

வீணான லீஃபைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். குறுக்கே பெரிதாக 'கேன்சல்டு' என்று எழுதி, எண் இருக்கும் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. பணம் முதலில், செக் பிறகு

"இன்னைக்கு செக் கொடுத்துடறேன், கணக்குல பணம் ரெண்டு நாள்ல போட்டுக்கலாம்" என்பது இன்னொரு பழைய பழக்கம். இப்போது அதற்கு அவகாசமே இல்லை. 2025 அக்டோபர் 4 முதல், வங்கிகள் செக்குகளை ஸ்கேன் செய்து வரவர அனுப்புகின்றன. பணம் தர வேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். காலையில் கொடுத்த செக்குக்குச் சாயங்காலமே பணம் போய்விடலாம். எழுதும்போதே தொகை கணக்கில் இருக்கட்டும், குறைந்தபட்ச இருப்பு போக.

பின்தேதியிட்டுக் கொடுத்திருந்தால் அந்தத் தேதிக்கு முந்தைய நாளுக்குப் போனில் அலாரம் வையுங்கள்.

6. பெரிய தொகை என்றால் பாசிட்டிவ் பே

யாரும் எனக்குச் சொல்லாத படி இது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளின் விவரத்தை நாமே முன்கூட்டி வங்கிக்குத் தெரிவிக்கும் வசதி 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. செக் எண், தேதி, பேர், தொகை ஆகியவற்றை ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ கிளையிலோ கொடுக்க வேண்டும். செக் வரும்போது வங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம். உங்கள் வங்கியின் வரம்பு என்ன என்று கேட்டுவிடுங்கள். செக்கைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது. பேரை ஆப்பில் ஒருவிதமாகவும் செக்கில் வேறுவிதமாகவும் எழுதினால், பாதுகாப்புக்காகச் செய்த வேலையே செக்கைத் திருப்பிவிடும்.

7. உங்களுக்கு ஒரு செக் வந்தால்

முதலில் மேலே சொன்னதையெல்லாம் அதில் சரிபாருங்கள்: தேதி, பேர், எழுத்தும் எண்ணும், கையெழுத்து இருக்கிறதா. பிறகு பின்பக்கம் உங்கள் கணக்கு எண்ணையும் போன் நம்பரையும் எழுதுங்கள்.

வங்கியில் சலான் என்று ஒரு சீட்டு இருக்கும். உங்கள் பேர், கணக்கு எண், செக் எண், எந்த வங்கிச் செக், தொகை. இதையே பெரிய பாதியிலும் சின்னப் பாதியிலும் இருமுறை எழுத வேண்டும். செக்கைச் சலானோடு பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், ஆனால் கையில் எந்த அத்தாட்சியும் இருக்காது. பெரிய தொகை என்றால் கவுன்டரில் கொடுத்து, சின்னப் பாதியில் முத்திரை வாங்குங்கள். "பெட்டியில போடுங்க" என்பார்கள். கவுன்டரில் கேட்டால் அத்தாட்சி கொடுக்க மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மரியாதையாக, ஆனால் நகராமல் நில்லுங்கள். செக்கின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி மேல் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று எழுதியிருக்கும். அதற்குப் பிறகு போட்டால் அடுத்த வேலை நாள்தான்.

8. திரும்பிவிட்டால்

செக்கோடு காரணம் எழுதிய ஒரு சீட்டு வரும், ரிட்டர்ன் மெமோ என்பார்கள். அதைத் தொலைக்காதீர்கள். கையெழுத்து, திருத்தம் போன்ற காரணம் என்றால் புதுச் செக் வாங்கிக்கொள்ளலாம். பணம் இல்லை என்று திரும்பியது என்றால், மூன்று மாதக் கெடுவுக்குள் அதே செக்கை மறுபடியும் போட்டுப் பார்க்கலாம். கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும், பொதுவாகச் சில நூறு ரூபாய்.

கடனுக்காகவோ பாக்கிக்காகவோ கொடுத்த செக் பணமில்லாமல் திரும்புவது குற்றம். செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் நாள் கணக்குதான் முக்கியம். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள். கட்டவில்லையென்றால் அதன்பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். "தந்துடறேன், தந்துடறேன்" என்பதைக் கேட்டுக்கொண்டே 30 நாளைக் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இதன் மறுபக்கம்: தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள். "சும்மா செக்யூரிட்டிக்குத்தான்" என்று கேட்பார்கள். அப்படி வாங்கியவர் தொகையை நிரப்பிக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நான் எழுதவில்லை என்று பிறகு சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

9. கேன்சல் செக், டிடி

வேலையில் சேரும்போதும் கடன் வாங்கும்போதும் கேட்கும் 'கேன்சல்டு செக்' வேறொன்றும் இல்லை. குறுக்கே இரண்டு கோடு, நடுவில் 'கேன்சல்டு'. அவ்வளவுதான், கையெழுத்து போட வேண்டாம். கணக்கு எண்ணையும் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள், அவை மறையாமல் கோடு போடுங்கள்.

சில அலுவலகங்கள் டிடி, அதாவது வங்கியே எழுதித் தரும் டிமாண்ட் டிராஃப்ட் கேட்கும். அதற்குப் பணத்தை முன்னாலேயே வங்கி வாங்கிக்கொள்வதால் பணமில்லை என்று திரும்பாது. கிளையில் படிவம் நிரப்ப வேண்டும், தொகைக்கு ஏற்பக் கமிஷன் உண்டு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கணக்கிலிருந்துதான் எடுப்பார்கள். இதற்கும் ஆயுள் மூன்று மாதம். எந்தப் பேரில், எந்த ஊரில் மாற்றத்தக்கதாக என்று கேட்டவரிடம் எழுதியே வாங்குங்கள். பேர் மாறினால் ரத்து செய்து வேறு எடுக்க வேண்டும், அதற்கும் ஒரு கட்டணம்.

10. புத்தகத்தின் கடைசிப் பக்கம்

மூன்றாவது செக்கை எழுதும்போது வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டு முடித்துக் கிழிக்கப் போனேன். "இரு தம்பி" என்று கையைப் பிடித்தார். உள்ளே போய்த் தன் செக் புத்தகத்தை எடுத்து வந்து, நான் ஒருநாளும் திருப்பிப் பார்க்காத ஒரு பக்கத்தைக் காட்டினார். கட்டம் போட்ட பக்கம்: தேதி, செக் எண், யாருக்கு, எவ்வளவு, மீதி. பொடி எழுத்தில் வரிசையாக நிரப்பியிருந்தார். திரும்பி வந்த ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

என் புத்தகத்திலும் அந்தப் பக்கம் இருந்தது. முதல் இரண்டு செக்குகளின் எண்களையும் நினைவிலிருந்து எழுதி, இரண்டுக்கும் பெருக்கல் குறி போட்டேன். மூன்றாவதை எழுதிவிட்டுத்தான் கிழிக்க விட்டார்.